போர் முடிஞ்சது 1945ல்.. கடன் அடைஞ்சது 2006ல்! ஆயுதச் செலவுக்குப் பணம் தேடி ஓடிய கீன்ஸின் கதை

போர் விமானம் வாங்கப் போறோம், நீர்மூழ்கிக் கப்பல் வாங்கப் போறோம்னு ஒரு நாடு அறிவிச்சா, அன்னிக்கு எல்லாருக்கும் எண்ணிக்கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பணம் எங்கிருந்து வரும், எத்தனை வருஷம் கட்டணும், கடைசியில் யார் தலையில் விழும்? இந்தக் கேள்விகள் கொஞ்சம் லேட்டாதான் வரும்.

2 உலகப் போர்களிலும் இந்தக் கேள்விக்கு பதில் தேடியே அலைந்த ஒருவர் இருக்கிறார். பிளஸ் 2 பொருளாதாரம் படிச்சவங்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். ஜான் மேனார்டு கீன்ஸ்!

யார் இந்த கீன்ஸ்?

1883 ஜூன் 5-ம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பாவும் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர்தான். 1906ல் கீன்ஸுக்குக் கிடைத்த முதல் அரசு வேலை, லண்டனில் இந்தியா விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில். இந்திய நாணய முறை பற்றி 1913ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனா, இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை.

1915ல் பிரிட்டன் நிதித்துறையில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தன்னோட படைக்கும் வாங்கணும், பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா போன்ற கூட்டாளி நாடுகளுக்கும் கடன் கொடுக்கணும். பிரிட்டனின் நிலைமை அதுதான். குண்டு, உணவு, பருத்தி எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தன. அதற்கான டாலரைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு கீன்ஸிடம் வந்தது.

1916 கடைசியில் கஜானா ஏறக்குறைய காலி. 1917ல் அமெரிக்காவே போரில் இறங்கியதால்தான் பிரிட்டன் மூச்சு விட்டது. சண்டைக்களத்தில் தோற்காத நாடுகூட பில் கட்ட முடியாமல் தோற்கலாம் என்பதை கீன்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தது அப்போதுதான்.

சம்பளம் ஏறுது, கடையில் பொருள் இல்லை!

1939ல் மறுபடியும் போர். இதற்குள் கீன்ஸ் உலகப் புகழ் பெற்றுவிட்டார். ஆனா, 1937லேயே இதயநோய் அவரைப் படுக்க வைத்திருந்தது. மனைவி லிடியா லோபகோவா, ரஷ்ய பாலே நடனக் கலைஞர். அவருடைய கவனிப்பில்தான் கீன்ஸ் எழுந்து நடமாடினார்.

1940ல் போருக்கு எப்படிப் பணம் திரட்டுவது என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். விஷயம் சிம்பிள். போர் வந்தால் தொழிற்சாலைகள் துப்பாக்கியும் விமானமும் செய்யும். எல்லாருக்கும் வேலை கிடைக்கும், கையில் காசு புரளும். ஆனா, கடையில் இருக்கும் ரொட்டியும் துணியும் கூடாது. அப்போ என்ன ஆகும்? விலை ஏறும். சரக்கு வைத்திருப்பவர் லாபம் பார்ப்பார். தொழிலாளியின் சம்பள உயர்வை விலைவாசி தின்றுவிடும். அதாவது, வரி என்ற பெயரே இல்லாமல் ஏழையிடம் வசூலிக்கும் வரி.

இதைத் தடுக்க கீன்ஸ் சொன்ன வழி, கட்டாய சேமிப்பு. சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு பிடித்து வைத்து, போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு உதவித்தொகை, அத்தியாவசியப் பொருட்கள் கட்டுப்படியாகும் விலையில்!

1941 பட்ஜெட்டில் அரசு இதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றது. வருமான வரியின் அடிப்படை விகிதம் 50 சதவீதம் ஆனது. பிடித்த பணம் முழுவதும் மக்களுக்குத் திரும்பி வந்து சேர 1970கள் வரை இழுத்தது என்பது தனிக்கதை.

ஆர்டர் கொடுத்தாச்சு.. டாலர் எங்கே?

உள்நாட்டுக் கணக்கு ஓரளவு ஓகே. அமெரிக்காவில் வாங்குவதற்கு என்ன செய்வது? ரொக்கம் கொடு, உன் கப்பலிலேயே ஏத்திக்கிட்டுப் போ. இதுதான் 1939ல் அமெரிக்கா வைத்த நிபந்தனை. பிரிட்டன் தங்கத்தை விற்றது. அமெரிக்காவில் இருந்த பங்குகளை விற்றது. 1941 தொடக்கத்தில் கையிருப்பு கிட்டத்தட்ட தீர்ந்தது.

1941 மார்ச் 11-ம் தேதி அமெரிக்கா கடன்-குத்தகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயுதங்களை இப்போ எடுத்துக்கோ, கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்ற ஏற்பாடு. பிரச்னை தீர்ந்ததா? இல்லை. சட்டத்துக்கு முன்பே கொடுத்த ஆர்டர்களுக்கு பிரிட்டன்தான் டாலரில் கட்டணும்!

இதைப் பேசத்தான் 1941 மே மாதம் வாஷிங்டன் போனார் கீன்ஸ். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ்காரர்களின் அமெரிக்கச் சொத்துகளை ஈடாக வைத்து 42.5 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடானது.

இந்தியா கொடுத்த விலை

இந்தியாவின் எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கான செலவு பிரிட்டனுடையது என்று 1939ல் ஒப்பந்தம் ஆனது. ஆனா, பிரிட்டன் கையில் பணமாகக் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுண்டாக வரவு வைத்தது. அதை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை அச்சடித்தது. படைக்குத் துணியும் தானியமும் வாங்க அந்த நோட்டுகள் சந்தைக்கு வந்தன. விலைவாசி எகிறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்கான காரணங்களில் இந்த விலை உயர்வும் ஒன்று.

எந்த விலை உயர்வு பிரிட்டிஷ் தொழிலாளியைத் தொடக்கூடாது என்று கீன்ஸ் திட்டம் போட்டாரோ, அதே விலை உயர்வுதான் இந்திய ஏழையிடம் பிரிட்டனின் போர்ச்செலவை வசூலித்தது.

போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்ட். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,700 கோடி ரூபாய். 1944ல் 44 நாடுகள் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு இந்தப் பாக்கியை எழுப்பியது. அந்தக் குழுவில் இருந்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிரிட்டன் குழுவுக்குத் தலைவர் கீன்ஸ். இது பிரிட்டன் நேரடியாகப் பேசித் தீர்க்கும் விஷயம் என்று அவர் ஒதுக்கி வைத்தார். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யணும் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு.

கடைசி பயணம்

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. அதே மாதம் அமெரிக்கா கடன்-குத்தகையைச் சட்டென்று நிறுத்தியது. உடம்பு சரியில்லாத கீன்ஸ் மறுபடியும் வாஷிங்டன் கிளம்பினார். இலவசமாகவோ, வட்டியில்லாமலோ பெரிய தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு போனார். மூணு மாசம் பேசி, 1945 டிசம்பர் 6-ம் தேதி கையெழுத்தானது 375 கோடி டாலர் கடன். வட்டி 2 சதவீதம். ஏற்கெனவே வந்த, வந்துகொண்டிருந்த பொருட்களுக்குத் தனியாக இன்னொரு கடன்.

4 மாதம்தான். 1946 ஏப்ரல் 21-ம் தேதி, சசெக்ஸில் உள்ள டில்டன் வீட்டில் கீன்ஸ் மாரடைப்பால் இறந்தார். வயது 62. அந்தக் கடனுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது அவர் இறந்த பிறகு, ஜூலையில்!

இந்தியாவின் பாக்கி என்ன ஆச்சு? 1948ல் சுதந்திர இந்தியாவின் நிதி அமைச்சராக லண்டன் போய்ப் பேசியவர் அதே சண்முகம் செட்டியார். பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு விலையாக சுமார் 10 கோடி பவுண்ட் அந்தப் பாக்கியில் கழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷனுக்கும் அதிலிருந்தே பெரிய தொகை போனது.

அமெரிக்கக் கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டியது 2006 டிசம்பரில். அந்தப் போரில் பறந்த விமானங்கள் எப்போதோ மியூசியத்துக்குப் போய்விட்டன. தவணை கட்டியதோ, போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்.