வில்பர் ரைட்

ஆற்றல் மட்டும் இருந்தால் எச்செயலும் முற்றுப்பெறாது. அவ்வாற்றலை வீணாக்காமல் செலுத்தும் அறிவும் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர், வானூர்தி கண்ட வில்பர் ரைட்.

இவர் அமெரிக்க நாட்டின் இண்டியானா மாநிலத்தில், மில்வில் என்னும் சிற்றூரின் அருகே, 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மில்டன் ரைட், கிறித்தவ சமயப் பெரியார். வில்பர் கல்லூரியில் சேர எண்ணியிருந்தபொழுது, பனித்தரை விளையாட்டு ஒன்றில் முகத்தில் பலத்த அடிபட்டார். உடல் நலிந்தது, கல்லூரிக் கல்வியும் கைவிட்டுப் போயிற்று. அந்நாளில் அன்னையார் காசநோயால் வாடினார். 1889இல் அவர் மறையும்வரை, வில்பர் அருகிலிருந்து பணிவிடை செய்தார். ஓய்ந்த வேளைகளில் தந்தையாரின் நூல்களைக் கற்றார்.

1892இல் வில்பரும் தம்பி ஆர்வில்லும் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை தொடங்கினர். 1896இல், வானில் சறுக்கிப் பறந்து பழகிய லிலியந்தால் என்னும் ஜெர்மானியர் கீழே விழுந்து இறந்தார். அச்செய்தி சகோதரர்களின் உள்ளத்தில் பறத்தலைப் பற்றிய வேட்கையை வளர்த்தது. 1900 முதல் கிட்டி ஹாக் என்னும் கடற்கரை மணற்பரப்பில், எஞ்சின் இல்லாத சறுக்கு விமானங்களைச் செய்து பறந்து பார்த்தனர். முன்னோர் வகுத்த காற்றழுத்தக் கணக்குகள் பிழைபட்டவை என ஐயுற்று, 1901இல் காற்றுப்பெட்டி ஒன்று அமைத்துத் தாமே அளந்தறிந்தனர்.

இனி வேண்டியது எஞ்சின். விரும்பியவாறு எளிய எடையில் செய்து தருவார் எவருமிலர். ஆகவே, கடையில் பணிபுரிந்த சார்லி டெய்லர் 12 குதிரைத்திறன் உடைய எஞ்சினை ஆறு வாரங்களில் உருவாக்கினார். ஆனால் அச்சிறு ஆற்றலை வானூர்தியை உந்தும் விசையாக மாற்றும் சுழல்விசிறி எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? கப்பல்களின் விசிறிகளைப் பற்றிய நூல்களிலும் இதற்குத் தெளிவான விதி கிடைக்கவில்லை. சுழல்விசிறி என்பது சுழன்று முன்செல்லும் ஓர் இறக்கையே என்று சகோதரர்கள் கண்டனர். வில்பர் ஒன்று கூற, ஆர்வில் மறுப்பார். நெடுநேரம் வாதிட்டபின் நோக்கினால், ஒவ்வொருவரும் மற்றவர் கருத்துக்கு மாறியிருப்பர்! வெற்றி எவருடையது என்பதன்று, உண்மை எது என்பதே அவர்கள் கருத்து.

எஞ்சின் நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழன்றது. பெரிய விசிறி மெல்லச் சுழன்று மிகுந்த காற்றைத் தள்ளினால், அதே ஆற்றலில் கூடுதலான உந்துவிசை கிடைக்கும். ஆதலால் எட்டரை அடி நீளமுள்ள இரு விசிறிகளை மரத்தில் செதுக்கி, மிதிவண்டியிற்போலப் பற்சக்கரமும் சங்கிலியும் பூட்டினர். விசிறிகள் நிமிடத்திற்கு ஏறக்குறைய 350 முறையே சுழன்றன. எஞ்சின் ஆற்றலில் நூற்றுக்கு 66 பங்கு பயன்தரும் வேலையாயிற்று. முன்னர் முயன்ற எவரும் இவ்வளவு பெற்றிலர்.

ஆயினும் இடையூறுகள் தொடர்ந்தன. 1903 நவம்பரில் விசிறித் தண்டுகள் விரிசல் கண்டன. ஆர்வில் டேட்டன் சென்று, திண்ணிய எஃகுத் தண்டுகளைச் செய்து திரும்பினார். அதற்குள், அரசின் பொருளுதவியுடன் லாங்லி என்னும் பேரறிஞர் அமைத்த ஊர்தி, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் இருந்தும், டிசம்பர் 8ஆம் நாள் ஆற்றில் வீழ்ந்தது.

டிசம்பர் 14இல் வில்பர் முதலில் முயன்றார். மூன்றரை வினாடிகளில் ஊர்தி மணலில் மோதிப் பழுதுற்றது. அவர் மனம் தளரவில்லை. 17ஆம் நாள் ஆர்வில் 12 வினாடி பறந்தார். அன்றே நான்காம் முறையாக வில்பர் 59 வினாடி, 852 அடி தொலைவு பறந்தார். எஞ்சினும் விசிறியும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இயைந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம்.

1908இல் வில்பர் பிரான்சு நாட்டில் லெ மான்சு நகரருகே பறந்து காட்ட, ஐயுற்றோர் வியந்து போற்றினர். குடற்காய்ச்சலால் 1912 மே 30ஆம் நாள், தமது நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். கல்லூரி காணாத அவரை உயர்த்தியவை, அளந்து அறியும் பொறுமையும், தம் கருத்து பிழையெனின் அதனை விட்டுவிடும் நேர்மையுமே.