கோயிலைப் 'படிக்க' வழி காட்டியவர்... யார் இந்த ராம் ராஸ்?

திருத்தணி என்றதும் 365 படிகளும் முருகனும்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் வீரட்டானேஸ்வரர் கோயில் என்ற சின்ன கற்கோயில் ஒன்றும் இருக்கிறது. பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில், 9-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. கட்டடக்கலை மாணவர் ஒருவர் இதைக் 'கேஸ் ஸ்டடி'க்கு எடுத்துக்கொண்டால் முதலில் என்ன செய்வார்? அடியில் அதிஷ்டானம், அதன் மேல் கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், உச்சியில் ஸ்தூபி என்று பிரித்துக் குறிப்பார்.

இந்தச் சொற்களை எல்லாம் படம் வரைந்து, அளவு சொல்லி ஆங்கிலத்தில் முதன்முதலில் விளக்கியவர் ஒரு தஞ்சாவூர்க்காரர். பெயர், ராம் ராஸ்.

கிளார்க்கில் தொடங்கிய வாழ்க்கை

1790 வாக்கில் தஞ்சாவூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் கற்றுக்கொண்டு, கம்பெனிப் படைப்பிரிவு ஒன்றில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். பிறகு சென்னையில் ராணுவத் தணிக்கை அலுவலகத்துக்கு வந்தார். திப்பு சுல்தானின் வருவாய் விதிகளை மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தது அவரை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனது. அடுத்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தலைமை ஆங்கில ஆசிரியர். அதன் பின் பெங்களூரில் நீதிபதி. ஆக, அவர் கட்டடக் கலைஞரே இல்லை!

கோயில் பக்கம் வந்தது எப்படி?

1820-களின் பிற்பகுதியில், சென்னையில் பணியாற்றிய ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்தியச் சிற்ப சாஸ்திரங்களைப் பற்றி எழுதச் சொல்லி ராம் ராஸைத் தூண்டினார். கேட்க எளிதாக இருந்தது. சுவடிகளைத் தேடிப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது.

கையில் கிடைத்தவை அரைகுறைச் சுவடிகள். 'மானசாரம்' என்ற முக்கிய நூலே முழுசாகக் கிடைக்கவில்லை. படியெடுத்தவர்கள் செய்த பிழைகள் வேறு. பண்டிதர்களிடம் காட்டினார். சமஸ்கிருதம் தெரியும், ஆனால் தொழிற்சொற்கள் புரியவில்லை. ஸ்தபதிகளிடம் போனார். தூணைச் செதுக்கத் தெரியும், ஆனால் நூலின் மொழி அவர்களுக்கு எட்டவில்லை. படித்தவருக்கு வேலை தெரியாது, வேலை தெரிந்தவருக்குப் படிப்பு இல்லை. நடுவில் ஒரு அறிவு மொத்தமாகத் தொலைந்துபோகிற நிலை.

அவர் என்ன செய்தார்?

இரண்டு தரப்பையும் இணைத்தார். தஞ்சைப் பகுதி ஸ்தபதி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டார். ஒரு நூலில் தெளிவில்லாததை 'மயமதம்', 'காசியபம்' போன்ற மற்ற நூல்களோடு ஒப்பிட்டார். உபபீடம், அதிஷ்டானம், தூண், பிரஸ்தரம், விமானம், கோபுரம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, அளவு விகிதங்களோடு விளக்கினார். கோயில்களில் இருக்கும் தூண்களையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்தார். கிரேக்க, ரோமானியத் தூண்களோடும் ஒப்பிட்டார்.

இன்று டிசைன் ஸ்டூடியோவில் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் கிட்டத்தட்ட இதுதான்: நேரில் பார், அள, நூலைத் தேடு, கட்டத் தெரிந்தவரிடம் கேள், ஒப்பிடு. பென்சில் எடுத்து வரைவது அப்புறம்தான்.

பார்க்காமலே போன புத்தகம்

1833-ல் ராம் ராஸ் இறந்தார். நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் இருக்கும். அடுத்த ஆண்டு, 1834-ல், லண்டனில் ராயல் ஏசியாடிக் சொசைட்டிக்காக அவருடைய நூல் 48 வரைபடங்களோடு வெளியானது. அச்சில் வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

குறைகளும் உண்டு. கையில் இருந்த சுவடிகளை வைத்துத்தான் அவரால் பேச முடிந்தது. மானசாரம் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டு ஆங்கிலத்தில் வர, பி.கே.ஆச்சார்யாவின் உழைப்பில், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. நூல் விதிக்கும் கட்டப்பட்ட கோயிலுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கேள்வியை ஆய்வாளர்கள் பின்னாளில் விரிவாக எழுப்பினார்கள்.

ஆனாலும் அந்த முதல் அடியை எடுத்து வைத்தவர் ராம் ராஸ்தான். அடுத்த முறை திருத்தணி போனால், மலையிலிருந்து இறங்கியதும் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள். அதிஷ்டானத்தில் ஆரம்பித்து மேலே ஸ்தூபி வரை கண்ணை ஓட்டுங்கள். அந்தக் கல்லை ஒரு புத்தகம் மாதிரி வாசிக்க வழி போட்டது, ஒரு தஞ்சாவூர் எழுத்தர்.