பள்ளி மூடிய பின் வந்த பெருமை

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை உயர்கல்வி பெற்றது வட்டுக்கோட்டைச் செமினரியில். அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய அக்கல்லூரியில் மாணாக்கர் உடனுறைந்து தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் பயின்றனர். சமயத் தொண்டர்களை ஆக்குதற்கென எழுந்த கல்லூரி அது. கற்றவரோ உத்தியோகம் நாடிச் சென்றனர். மனம் சலித்த மிசன் 1855இல் அதனை மூடிவிட்டது. சற்றே பொறுத்திருக்கலாம்.

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே. இருவரும் வட்டுக்கோட்டையார். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் அங்கே அவருக்குக் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை! ஆசானும் மாணாக்கனும் ஒரே தேர்வுக்கு அமர்ந்து ஒருங்கே பட்டதாரிகளாயினர். கொண்டாடுதற்குரிய கல்லூரிதான் அன்று இல்லை.

மிசன் அஞ்சியவாறே பிள்ளையும் உத்தியோகத்தையே நாடினார். மிசன் கல்வி பெற்றும் பின்னாளில் சைவராக வாழ்ந்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஆயினும் அவர் நெஞ்சு கிடந்தது செல்லரித்த ஏடுகளிலே. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் அவர் பதிப்பாய் வந்தபோது பரிசோதித்துத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் 1879இல் மறைந்தார். அதன் பின்னரே வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகை 1887இலும் அச்சேறின. பிரதிகள் பல தேடி, ஒப்புநோக்கி, பாடம் துணிந்த உழைப்பு அது.

இடையில் ஏழாலையில் தாமே ஒரு பாடசாலை தாபித்தார். அங்கே குமாரசுவாமிப் புலவர் கற்பித்தார். பிள்ளை 1901 சனவரி முதல் நாள் சென்னையில் காலமானார்.