எஸ்.எஸ். வாசன்: சந்தையைப் பெரிதாக்கிய முதலாளி

மார்க்கெட்டிங், பிராண்டு, நிர்வாகம் என்று எம்.பி.ஏ. வகுப்புகளில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் வரலாறுதான் பாடமாகக் கிடைக்கிறது. எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் காலடி வைக்காமல், பத்திரிகை, சினிமா என்ற இரண்டு தொழில்களிலும் முத்திரை பதித்த ஒரு தமிழரின் வாழ்க்கை அந்தப் பாடங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அவர்தான் ஆனந்த விகடன், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன்.

இளமையும் முதல் தொழிலும்

திருத்துறைப்பூண்டியில் 1904-ல் பிறந்த ஸ்ரீனிவாசன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மகனின் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், குடும்ப நிலைமை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் பெறும் வேலையில் இறங்கினார். தபால் மூலம் பொருள்களை விற்கும் வியாபாரமும் செய்தார்.

இந்த இரண்டு வேலைகளும்தான் அவருடைய பள்ளிக்கூடம். தபால் வியாபாரத்தில் கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் உள்ள நாலு வரிதான் சரக்கை விற்றாக வேண்டும். எந்த வாசகம் எடுபடும், எது எடுபடாது என்பது வருகிற ஆர்டர்களிலேயே தெரிந்துவிடும். முகம் தெரியாத சாமானியரின் மனத்தை அறியும் கலை வாசனுக்கு இப்படித்தான் கைவந்தது.

இருநூறு ரூபாய் முதலீடு

பூதூர் வைத்தியநாதய்யர் நடத்தி வந்த ஆனந்த விகடன் என்ற மாதப் பத்திரிகைக்கு வாசன் விளம்பரங்கள் கொடுத்து வந்தார். பத்திரிகை தடுமாறி நின்றபோது, 1928-ல் அதை அவரே வாங்கிவிட்டார். பெயரில் உள்ள எட்டு எழுத்துகளுக்கு எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் என்று விலை பேசியதாகச் சொல்வார்கள்.

நின்று போன பத்திரிகையை அவர் எப்படித் தூக்கி நிறுத்தினார்? முதலில், சரியான ஆட்களைத் தேடிப் பிடித்தார். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்தும், மாலியின் சித்திரங்களும், தேவனின் நகைச்சுவையும் விகடனுக்கு வாசகர்களைக் குவித்தன. அடுத்து, குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசுகளை அறிவித்தார். பரிசுக்காக வாங்கியவர்கள் கதைக்காகத் தொடர்ந்தார்கள். ஆசையைக் காட்டி அழைத்து வருவது ஒரு முறைதான் பலிக்கும், சரக்கு நன்றாக இருந்தால்தான் மறுமுறை வருவார்கள் என்பதை வாசன் அறிந்திருந்தார்.

பத்திரிகையையும் சினிமாவையும் இணைத்தால் இரண்டுக்கும் லாபம் என்பதையும் அவர் முன்கூட்டியே கண்டார். கல்கியின் தியாகபூமி தொடர்கதையாக விகடனில் வந்தபோது, 1939-ல் டைரக்டர் கே. சுப்ரமணியம் எடுத்த அதே படத்தின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரங்களாக அமைந்தன. வாசகர் படத்துக்குப் போனார், ரசிகர் பத்திரிகையை வாங்கினார்.

ஏலத்தில் எடுத்த ஸ்டூடியோ

தீ விபத்தில் சிக்கிய சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ 1940களின் தொடக்கத்தில் ஏலத்துக்கு வந்தது. வாசன் அதை 86,427 ரூபாய் 11 அணா 9 பைசாவுக்கு எடுத்து ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். எழுத்தாளர்கள், நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என்று பலரும் மாதச் சம்பளத்தில் இருந்தனர். கதை இலாகா என்றே தனியாக ஓர் இலாகா. தொழிற்சாலை போன்ற ஒழுங்கோடு நந்தனார், மங்கம்மா சபதம் முதலிய படங்கள் வெளிவந்தன.

சந்திரலேகா

1943-ல் சந்திரலேகாவை வாசன் அறிவித்தார். படம் முடிய ஐந்து வருடம் ஆயிற்று. முதலில் டைரக்டராக இருந்த டி.ஜி. ராகவாச்சாரி விலகிய பின் வாசனே டைரக்‌ஷனை ஏற்றார். சர்க்கஸ் காட்சிகள், நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள் பங்கேற்ற முரசு நடனம் என்று செலவு ஏறிக்கொண்டே போய் 30 லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்நாளில் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. சொத்துக்களை அடமானம் வைத்தார், நகைகளை விற்றார். ‘ஹிந்து’ கஸ்தூரி ஸ்ரீனிவாசன் பணம் கொடுத்து உதவினார்.

1948 ஏப்ரல் 9 அன்று தமிழ்ப் படம் வெளியாயிற்று. ஜனங்கள் கொண்டாடினார்கள். ஆனால் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் எத்தனை நாள் ஓடினாலும் போட்ட பணம் திரும்பாது என்பது கணக்கில் தெளிவாகிவிட்டது. விகடனும் ஜெமினியும் சேர்ந்து ஆட்டம் காணக்கூடிய நிலைமை.

இந்த இடத்தில்தான் வாசனின் வியாபார மூளையைப் பார்க்க வேண்டும். செலவு அதிகமாகிவிட்டதே என்று நொந்து கொண்டிருக்காமல், இந்தச் சரக்குக்கு ஏற்ற சந்தை எது என்று கேட்டுக்கொண்டார். விடை, இந்தியா முழுவதும். வெறும் குரல் மாற்றத்தோடு நிற்காமல், ஆகா ஜானி காஷ்மீரி, பண்டிட் இந்திரா ஆகியோரை வசனத்துக்கு அமர்த்தி, புதிய காட்சிகளும் பாட்டுகளும் சேர்த்து, வடநாட்டு ரசனைக்கேற்ற ஹிந்திப் படமாக்கினார்.

அடுத்தது விளம்பரம். சென்னைத் தயாரிப்பாளரின் பெயரைக் கேட்டிராத ஊர்களில் சுவரொட்டிகளும் பெரிய பெரிய பத்திரிகை விளம்பரங்களும் சந்திரலேகா என்ற பெயரை முதலில் கொண்டு சேர்த்தன. இந்திய சினிமா அதுவரை கண்டிராத விளம்பரம் அது. 600-க்கும் மேற்பட்ட பிரதிகள் போடப்பட்டன. 1948 டிசம்பர் 24 அன்று வெளியான ஹிந்திப் படம் வாசனைக் கடனிலிருந்து மீட்டதோடு, தென்னாட்டுப் படங்களுக்கு வடக்கே ஒரு ராஜபாட்டையையும் போட்டுத் தந்தது.

அதன்பின் ஒரே கதையை இரண்டு மொழிகளில் எடுப்பதே ஜெமினியின் வழக்கமாயிற்று. அபூர்வ சகோதரர்கள் நிஷான் ஆயிற்று. வஞ்சிக்கோட்டை வாலிபன் ராஜ் திலக் ஆயிற்று. ஹிந்தியில் 1959-ல் வந்த பைகாம், அடுத்த ஆண்டு தமிழில் இரும்புத் திரையாக வந்தது. ஒரு முதலீட்டுக்கு இரண்டு சந்தை.

கௌரவங்களும் ஓர் எச்சரிக்கையும்

இந்திய ஃபிலிம் ஃபெடரேஷனின் தலைவராகவும், 1964 முதல் ராஜ்ய சபா உறுப்பினராகவும் இருந்த வாசனுக்கு 1969-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று காலமானார். 2004-ல் தபால் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

ஜெமினி ஸ்டூடியோ அவர் மறைவுக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. நட்சத்திரங்களின் சம்பளம் உயர்ந்து, படத்துக்குப் படம் ஆட்களை ஒப்பந்தம் செய்யும் காலம் வந்தபோது, மாதச் சம்பளப் பட்டியலோடு இயங்கிய பெரிய ஸ்டூடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. நேற்று பலமாக இருந்த அதே ஏற்பாடு நாளை பாரமாகிவிடலாம் என்பதும் இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமே.

ஊரை விட்டு வந்து தொழில் நடத்தும் நம் அங்கத்தினர்கள் பலருக்கும், சரக்கு நன்றாக இருந்தும் வியாபாரம் போதவில்லையே என்ற கவலை உண்டு. அப்போதெல்லாம் தரத்தைக் குறைத்துச் செலவைச் சுருக்கத்தான் முதலில் தோன்றும். வாசன் சரக்கைச் சுருக்கவில்லை, சந்தையைப் பெரிதாக்கினார். அந்தச் சந்தையின் பாஷையில் பேசினார். தயாரிப்பதற்கு எடுத்துக்கொண்ட அதே சிரத்தையை அதைப் பலரறியச் செய்வதற்கும் எடுத்துக்கொண்டார். அறுபதாண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்த மூன்றும் பழசாகவில்லை.