ஊர் மண்ணோடு வந்த இரத்தக்காட்டேரி

1847இல் டப்ளின் அருகே பிறந்த பிராம் ஸ்டோக்கர், ஏழு வயதுவரை நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். பின்னர் டப்ளின் கோட்டையில் அரசாங்க எழுதுவினைஞரானார். 1879இல் வெளிவந்த அவரது முதல் நூல் அயர்லாந்து நீதிமன்ற எழுதுவினைஞர்களின் கடமைகள் பற்றியது. அதில் பேயும் இல்லை, இரத்தமும் இல்லை.

1878இல் லண்டன் வந்தவர், நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் நாடக அரங்கில் 27 ஆண்டுகள் முகாமையாளராக இருந்தார். பகலில் வரவு செலவும் கடிதங்களும், ஓய்வில் எழுத்தும். கணக்கெழுதிச் சீவிக்கும் எங்களுக்கு அந்த வாழ்க்கை நன்றாக விளங்கும்.

'டிராகுலா' நாவல் 1897இல் வந்தது. கதை தொடங்கும் திரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒருநாளும் போனதில்லை. புத்தகங்களில் படித்தே எழுதினார். நாவலில் பிரபு சட்டத்தரணி மூலம் இங்கிலாந்தில் காணி வாங்கி, ஊர் மண்ணை 50 பெட்டிகளில் கப்பலேற்றி வருகிறான். அந்த மண்ணில்தான் அவனுக்கு உறக்கம். அதைப் படித்தபோது எங்களுக்குப் பயம் வரவில்லை. ஒரு பிடி மண்ணும் எடுக்காமல் நாங்கள் புறப்பட்ட இரவுதான் நினைவுக்கு வந்தது.

நாவல் அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை. 1912இல் லண்டனில் இறந்தார். அனுமதியின்றி ஜெர்மனியில் எடுக்கப்பட்ட 'நொஸ்ஃபெராட்டு' படத்துக்கு எதிராக மனைவி புளோரன்ஸ் வழக்காடினார். 1925இல் பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. ஆனாலும் சில பிரதிகள் தப்பின. 2024இல் அதே கதை மீண்டும் திரைக்கு வந்தது.

இரத்தக்காட்டேரிக் கதைகளின் காலம் முடிந்தது என்கிறார்கள். பல்லும் கழுத்தும் பழசாகியிருக்கலாம். வந்தவனைக் கண்டு ஊர் பயப்படுவதும், வந்தவன் தன் மண்ணைத் தேடுவதும் இருக்கும்வரை அந்தக் கணக்கை மூட முடியாது.