வரம்பறிந்து செய்த பணி

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் பெயரை அறியாத சைவ வாலிபர் நம் நாட்டில் இல்லை. அவர் நிறுவிய பாடசாலைகளையும் பதிப்பித்த நூல்களையும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். ஆயினும், வேற்றுச் சமயத்தவரோடு அவர் பல ஆண்டுகள் ஒருங்கிருந்து பணிபுரிந்த காலத்தை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. சங்கமாகக் கூடி வேலை செய்யும் நமக்கு அக்காலம் கற்பிக்கும் பாடம் பெரிது.

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 இல் நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் பிறந்தார். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகியோரிடம் தமிழ் கற்றார். ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அப்பாடசாலையை நடத்தியவர் பேர்சிவல் பாதிரியார். விவிலியத்தை நல்ல தமிழில் மொழிபெயர்க்க விரும்பிய பாதிரியார், இளைஞரான ஆறுமுகத்தின் துணையை நாடினார்.

ஒருவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்ப வந்தவர்; மற்றவர் சிவநெறியில் ஊறியவர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நூலில் உழைத்தனர். தம்மிடம் ஊதியம் பெறுகிறாரே என்று பாதிரியார் அவரைச் சமயம் மாற நிர்ப்பந்திக்கவில்லை. தமக்கு உடன்பாடில்லாத நூலாயிற்றே என்று நாவலரும் மொழித்தொண்டிற் குறைவைக்கவில்லை. மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்றபோது, மகாலிங்கையர் என்னும் வித்துவான் அதன் தமிழை மெச்சினார் என்று நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர்.

இதனிடையே நாவலரின் உள்ளம் வேறொரு பணியை நாடியது. 1847 ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது நடந்தது. 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். இரு பணிகளையும் ஒருவரே தாங்குதல் இருவருக்கும் நேர்மையன்று என்ற நிலை வந்தபோது, அவ்வாண்டிலேயே மிஷன் வேலையை விட்டு விலகினார். கூடுதலான சம்பளம் தருவதாகப் பாதிரியார் சொல்லியும் அவர் இசையவில்லை என்பர். உள்ளே இருந்துகொண்டு மறைவாக எதிர்த்தாரல்லர். வெளியே வந்து வெளிப்படையாகவே எதிர்த்தார். 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம், விவிலியத்தை நன்கு கற்றவர் எழுதிய மறுப்பு.

பிற்காலத்தில் மிஷன் பாடசாலையொன்றிலே திருநீறு அணிந்து வந்த பிள்ளைகளுக்கு இடையூறு நேர்ந்தது. நாவலர் 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருவர் மற்றவரின் வரம்பை மதித்த இடத்திலே பெரியதொரு நூல் உருவாயிற்று. மதியாத இடத்திலே பிரிவு உண்டாயிற்று. இவ்வேறுபாட்டை நம் வாலிபர் கருதுவாராக.

தம்மவரிடத்தும் நாவலர் வரம்பறிந்தே கேட்டார். வித்தியாசாலையை நடத்துவதற்கு வீடுகளிலிருந்து பிடியரிசி சேர்த்தார். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைக்க ஏழை வீட்டாராலும் இயலும். வசதியுள்ளவர் நிதி கொடுத்தனர். இல்லாதவரும் வெட்கமின்றிப் பங்குபற்றினர்.

நம் சங்கங்களை நோக்குவோம். திருவிழாத் தொண்டுக்கு வர இயலாதென்று ஒரு வாலிபர் சொன்னால், அவருக்குப் பற்றில்லை என்று உடனே தீர்ப்பளிக்கின்றோம். அவர் வீட்டில் நோயாளி உண்டா, மாலை வேலைக்குச் செல்கிறாரா என்று விசாரிப்பதில்லை. கொடுக்க முடியாதவரைச் சபையிலே பெயர் சொல்லிப் பணங் கேட்கின்றோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. இப்படியே நல்ல தொண்டர் பலரை நாம் இழந்திருக்கின்றோம். முதியோரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: பிள்ளைகள் மறுத்துப் பேச அஞ்சித் தலையசைப்பது சம்மதமாகாது. தம்மால் இயலாததை முன்னரே சொல்லிவிடுவது வாலிபர் கடமை. சொன்னதைக் கோபமின்றி ஏற்பது சங்கத்தின் கடமை.

நாவலர் 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 இல் சிவபதமடைந்தார். கார்த்திகை மகத்திலே அவர் குருபூசைக்குக் கூடும்போது, அருகில் அமர்ந்திருப்பவரால் எவ்வளவு சுமக்க இயலும் என்று அன்போடு கேட்டறிவோமாக. அவ்வளவையே அவர் தோளில் வைப்போமாக.