இறப்பருக்கு அரிசி: ஆர்.ஜி. சேனநாயக்க (1911 – 1970)

அறிமுகம்

மாத்தளை என்றதும் மிளகு, ஏலம், கொக்கோ என்பன உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் உக்குவெல, யட்டவத்த போன்ற பிரதேசங்களின் சரிவுகளில் இறப்பர் மரங்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியின் சம்பளம் உலகச் சந்தையின் விலையிலேயே தங்கியுள்ளது. 1952 இல் அந்த விலை சரிந்தபோது, புதியதொரு வெளிநாட்டுச் சந்தையைத் தேடிச் சென்ற வர்த்தக அமைச்சரின் வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

இளமையும் அரசியல் பிரவேசமும்

ரிச்சட் கோத்தாபய சேனநாயக்க 1911 இல் பிறந்தார். தந்தையார் எப்.ஆர். சேனநாயக்க மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1915 கலவரத்தின்போது ஆங்கில அரசினால் சிறைவைக்கப்பட்டவர். இலங்கையின் முதலாவது பிரதமர் டி.எஸ். சேனநாயக்க இவருடைய சிறிய தந்தையாவார். கொழும்பு றோயல் கல்லூரியில் கல்வி கற்ற ஆர்.ஜி., 1947 பொதுத் தேர்தலில் தம்பதெனியத் தொகுதியில் வெற்றி பெற்றுப் பாராளுமன்றம் சென்றார். 1952 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் வர்த்தக அமைச்சரானார்.

இரு பக்க நெருக்கடி

அவர் பதவியேற்ற காலம் மிக நெருக்கடியானது. அதனை நீங்கள் இரு பகுதிகளாகப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இறப்பர். 1950 இல் கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை பெரிதும் உயர்ந்தது. 1951 இன் பின்னர் அது வீழ்ச்சியடைந்தது. அமெரிக்கா செயற்கை இறப்பர் உற்பத்தியைப் பெருக்கியமை இதற்கு ஒரு காரணமாகும். விலை வீழ்ந்தால் தோட்டங்கள் நட்டமடையும்; வேலைநாட்கள் குறையும்; சிறு தோட்ட உடைமையாளரும் பால் வெட்டுவதை நிறுத்த நேரிடும்.

இரண்டாவது, அரிசி. அக்காலத்தில் நாட்டு மக்கள் உண்ட அரிசியில் அரைவாசிக்கும் மேற்பட்டது பிற நாடுகளிலிருந்து வந்தது. உலகில் அரிசித் தட்டுப்பாடு நிலவியதால் அதன் விலை ஏறியது. விற்கும் பொருளின் விலை இறங்க, வாங்கும் பொருளின் விலை ஏறினால் நாடு என்ன செய்யும்? வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கம் வேகமாகக் கரைந்தது.

பீக்கிங் நோக்கிய பயணம்

மறுபுறத்தில் சீனாவிடம் அரிசி இருந்தது, இறப்பர் இருக்கவில்லை. 1951 இல் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்கு யுத்தத்துக்குப் பயன்படும் பொருட்களை அனுப்பக்கூடாதெனத் தடை விதித்திருந்தது. இறப்பரும் அத்தகைய பொருளே. ஆயினும் இலங்கை 1955 வரை அச்சபையில் அங்கத்துவம் பெறவில்லை என்பதால் அத்தடை இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை.

சீனாவுடன் அப்போது தூதுவர் மட்டத் தொடர்புகூட இருக்கவில்லை. அதன் அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கை உடையது. இலங்கை அரசாங்கமோ அதற்கு எதிரானது. அமைச்சரவைக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் கொள்கை வேறு, வர்த்தகம் வேறு என்ற நிலைப்பாட்டில் ஆர்.ஜி. உறுதியாக நின்றார். 1952 செப்டெம்பரில் தூதுக்குழுவொன்றுக்குத் தலைமை தாங்கிப் பீக்கிங் சென்றார். ஒக்டோபரில் 80,000 தொன் அரிசி பெறும் ஒப்பந்தம் உருவானது. 1952 டிசெம்பர் 18 ஆம் திகதி ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. இதுவே இறப்பர் – அரிசி உடன்படிக்கையாகும்.

இதன்படி ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசியையும், இலங்கை 50,000 தொன் இறப்பரையும் வழங்க இணங்கின. இலங்கை இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. அரிசியோ உலக விலையிலும் குறைவாகக் கிடைத்தது.

விளைவுகள்

ஐந்தாண்டுக்கு உறுதியான கொள்வனவாளர் கிடைத்தமையால் இறப்பர்த் தோட்டங்கள் நிலைத்தன. தொழிலாளரின் வேலை காக்கப்பட்டது. 1953 இல் இறப்பர் மீள்நடுகை மானியத் திட்டமும் ஆரம்பமானது.

ஆனால் இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 1956 வரை இலங்கைக்கு உதவி வழங்கவில்லை. உடன்படிக்கை இருந்தும் 1953 இல் அரசாங்கம் மானியத்தைக் குறைத்து பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. வர்த்தகத்தின் நன்மை மக்களின் சட்டியை எட்டுவது உள்நாட்டுக் கொள்கையிலும் தங்கியுள்ளது என்பதை இதிலிருந்து உணர்க.

பிற்காலம்

1954 இல் ஆர்.ஜி. அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 தேர்தலில் தம்பதெனிய, களனி ஆகிய இரு தொகுதிகளிலும் வெற்றியீட்டி, பண்டாரநாயக்க அரசாங்கத்தில் மீண்டும் வர்த்தக அமைச்சரானார். 1957 இல் சீனாவுடன் தூதுவர் உறவு ஏற்பட்டது, உடன்படிக்கையும் புதுப்பிக்கப்பட்டது. அது 1982 வரை தொடர்ந்தது. பிற்காலத்தில் அவர் சிங்களத் தேசியவாத அரசியலில் ஈடுபட்டார். 1970 தேர்தலில் தோல்வியுற்று, அவ்வாண்டிலேயே காலமானார்.

அவரை மதிப்பிடும்போது இன்னொன்றையும் மறவாதீர்கள். அந்த இறப்பரை வெட்டிய இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பாலானோர் அப்போது பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றிருந்தனர். அவர்களின் தொழில் காக்கப்பட்டது, உரிமை காக்கப்படவில்லை.

நினைவிற் கொள்க

1. ஒரே சந்தையை நம்பியிருக்கும் நாடு, அச்சந்தை வீழும்போது தானும் வீழும்.
2. அரசியற் கொள்கை வேறுபட்டாலும் இரு நாடுகளின் தேவைகள் பொருந்தினால் வர்த்தகம் சாத்தியமாகும்.
3. ஏற்றுமதிச் சந்தையைக் காப்பது தொழில்வாய்ப்பைக் காப்பதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. இறப்பர் – அரிசி உடன்படிக்கை எப்போது கைச்சாத்திடப்பட்டது?
2. 1952 இல் இலங்கை எதிர்நோக்கிய இரு பொருளாதார நெருக்கடிகளை விளக்குக.
3. ஐக்கிய நாடுகள் சபையின் தடை இலங்கையைக் கட்டுப்படுத்தாமைக்குக் காரணம் யாது?
4. உங்கள் பிரதேசத்தில் ஏற்றுமதியை நம்பியுள்ள ஒரு தொழிலைக் குறிப்பிட்டு, அதன் சந்தை இழக்கப்பட்டால் ஏற்படக்கூடிய மூன்று விளைவுகளை எழுதுக.